பம்பாய் சேராத தங்கம்

1922ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி, தேம்ஸ் ஆற்றின் டில்பரி துறையிலிருந்து ‘எஜிப்ட்’ என்ற பயணிகள் கப்பல் பம்பாய்க்குப் புறப்பட்டது. அதன் வயிற்றுக்குள், பல தளங்களுக்குக் கீழே, இரும்புக் கதவு போட்ட ஒரு குறுகலான அறை. அதற்குள் 1,089 தங்கக் கட்டிகள், 1,229 வெள்ளிக் கட்டிகள், 1,65,979 பவுன் காசுகள். கல்யாணப் பேச்சில் இத்தனை சவரன் என்று நம் வீடுகளில் எண்ணுகிறார்களே, அதே காசுதான். அன்றைய விலைக்கு அத்தனையும் சேர்த்துப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல். பம்பாய்ச் சந்தையில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி, நாடெங்கும் நகைக்கடைகளுக்குப் பிரிந்து போயிருக்க வேண்டிய சரக்கு அது.

மறுநாள் மாலை ஏழு மணி வாக்கில், பிரான்சின் மேற்கு முனைக்கு அப்பால், மூடுபனிக்குள் ஒரு சரக்குக் கப்பல் வந்து எஜிப்டின் இடது விலாவில் இடித்தது. இருபது நிமிடத்துக்குள் கப்பல் தண்ணீருக்கு மேலே இல்லை.

இதை ஐரோப்பாவில் புதையல் கதையாகச் சொல்வார்கள். மூழ்கிய தங்கத்தைப் பத்து ஆண்டு கழித்து இத்தாலியர்கள் எப்படி எடுத்தார்கள் என்பதே அவர்களுக்குக் கதையின் உயிர். அது பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கிப் பிழைத்த தூத்துக்குடிக் கரையில் இருந்துகொண்டு படித்தால், இந்தக் கப்பலின் வாழ்க்கையில் வேறு சில இடங்களில்தான் மனம் நிற்கிறது. அதில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுக்காரர்கள். அதை ஓட்டிய கம்பெனிக்கும் நம் ஊருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அந்தத் தங்கம் வெளியே வந்த ஆண்டில் நம் வீட்டுப் பெண்களின் காதில் இருந்த தங்கம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது.

எஜிப்ட் 1897இல் ஸ்காட்லாந்தின் கிரீனாக் ஊரில், கெய்ர்ட் கம்பெனியின் கட்டுமானத் துறையில் நீரில் இறங்கியது. ஏறத்தாழ 500 அடி நீளம், 7,912 டன். பி அண்ட் ஓ கம்பெனி அந்தக் காலத்தில் ஒரே வார்ப்பில் ஐந்து கப்பல்கள் கட்டியது: இந்தியா, சைனா, எஜிப்ட், அரேபியா, பெர்சியா. பெயர்களை வரிசையாகப் படித்தாலே அந்தக் கம்பெனி தன் கை எதுவரை நீளும் என்று நினைத்தது தெரிந்துவிடும். தபால், துரைமார், துரைசானிகள், படைத்தலைவர்கள், கலெக்டர்கள், கீழே இரும்பறையில் பணம், இவைதான் சுமை. முதல் உலகப் போரில் ‘இந்தியா’வும் ‘பெர்சியா’வும் 1915இல் நீர்மூழ்கிகளுக்குப் பலியாயின. அடுத்த ஆண்டு ‘அரேபியா’வும் போயிற்று. எஜிப்ட் மருத்துவமனைக் கப்பலாக மாறிக் காயம்பட்டவர்களைச் சுமந்து போரைக் கடந்துவிட்டது. அதன் பிறகு மறுபடியும் பம்பாய்ப் பாதைக்கு வந்தது. நீருக்கடிக் குண்டுகளுக்குத் தப்பிய கப்பல், அமைதிக்காலத்தில் ஒரு பனிமூட்டத்துக்குத் தப்பவில்லை.

பி அண்ட் ஓ என்றால் தூத்துக்குடியில் பலருக்கு உடனே பிடிபடாது. பி.ஐ. கம்பெனி என்றால் பிடிபடும். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன், வ.உ.சிதம்பரம் பிள்ளை எதிர்த்து நின்ற கம்பெனி. 1906 அக்டோபரில் பத்து லட்சம் ரூபாய் மூலதனத்துக்கு, பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று வகுத்துச் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்கு எடுத்தார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பி.ஐ. கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறேன் என்றது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலையில் தீர்ப்பு, 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. இது நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிப்பதுதான். பாடப்புத்தகம் சொல்லாத தொடர்ச்சி ஒன்று இருக்கிறது. 1914இல் அந்த பி.ஐ. கம்பெனியும் பி அண்ட் ஓவும் ஒன்றாக இணைந்தன. இஞ்ச்கேப் பிரபு இரண்டுக்கும் ஒரே முதலாளித் தலைவர் ஆனார். கொழும்புக்கு அரை ரூபாய்க் கட்டணத்தில் ஓடிய சுதேசிக் கப்பலை விரட்டிய கையும், பத்து லட்சம் பவுண்டுத் தங்கத்தை பம்பாய்க்கு ஏற்றிய கையும் எட்டே ஆண்டில் ஒரே உடம்பின் இரண்டு கைகள்.

எஜிப்டில் அன்று பயணிகள் குறைவு, 44 பேர். இந்தியாவுக்கு வரும் வெள்ளைக்காரர்களில் வசதியானவர்கள் லண்டனில் ஏறமாட்டார்கள். பிஸ்கே வளைகுடாவின் குலுக்கலுக்குப் பயந்து ரயிலில் மார்செய் வரை வந்து அங்கே ஏறிக்கொள்வார்கள். ஆகையால் மார்செய் போய்ச் சேரும்வரை கப்பலில் பயணிகளைவிடப் பணியாட்களே பல மடங்கு அதிகம். ஏறத்தாழ 290 பேர். அதில் பெரும்பகுதி இந்தியர்கள். பி அண்ட் ஓ கப்பல்களின் வழக்கப்படி மேல்தளத்துக்குக் கொங்கண, குஜராத் கரைக்காரர்கள், கொதிகலன் முன்னால் கரி அள்ளிப் போட வடமேற்கிலிருந்து வந்தவர்கள், உணவுக்கூடத்துக்குக் கோவாக்காரர்கள். சாரங்குகளும் தண்டல்களும் அவர்களை நடத்துவார்கள். ஆங்கிலேய மாலுமி வாங்கும் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் இவர்களுக்கு. படுக்கும் இடமும் குறைவு. ‘லாஸ்கர்’ என்ற ஒரே பெயரில் எல்லாரையும் அடக்கிவிடுவார்கள். தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்த நம் கரைத் தண்டல்களுக்கு இந்த மனிதர்கள் அந்நியர்கள் அல்லர். மொழி வேறு, தொழில் ஒன்று.

மே 20 அன்று காலையிலிருந்தே பனி. உஷாந் தீவை ஒட்டிய அந்தக் கடல், ஐரோப்பாவின் கப்பல்கள் எல்லாம் வந்து திரும்புகிற முனை. வடக்கே ஆங்கிலக் கால்வாய்க்குப் போகிறவை, தெற்கே ஸ்பெயினுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இறங்குகிறவை, எல்லாம் அந்த ஒரே மூலையில்தான் ஒன்றையொன்று கடக்க வேண்டும். ராடார் வராத காலம். பனியில் கப்பலுக்கு இருந்த கண் அதன் சங்குதான். இன்ன நேரத்துக்கு ஒரு முறை ஊத வேண்டும், எதிரில் ஊதும் ஒலியைக் கேட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும், நிற்க வேண்டும் என்று விதி. ஆனால் அடர்ந்த பனி ஒலியை வளைத்துவிடும். தொலைவில் இருப்பது பக்கத்தில் இருப்பதாகக் கேட்கும், வலப்பக்கம் கேட்டது இடப்பக்கம் வந்து நிற்கும். எஜிப்டின் மேடையில் இருந்தவர்களுக்கு எதிர்க்கப்பலின் சங்கு கேட்டது. கப்பலே கண்ணுக்குத் தெரிந்தபோது திருப்ப இடமில்லை.

வந்தது ‘சேன்’ என்ற பிரெஞ்சுச் சரக்குக் கப்பல். எஜிப்டை விடப் பல மடங்கு சிறியது. ஆனால் பால்டிக் கடலின் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போவதற்காக அதன் முகப்புக்குத் தனியாக இரும்பு பூட்டி வலுவாக்கியிருந்தார்கள். பனிக்கட்டியைப் பிளக்க வைத்த அந்த மூக்கு, எஜிப்டின் இரண்டு புகைப்போக்கிகளுக்கும் நடுவே விலாவைத் திறந்துவிட்டுப் பின்வாங்கியது. கொதிகலன் அறைகளில் தண்ணீர் புகுந்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

சாய்ந்த கப்பலில் படகு இறக்குவது எவ்வளவு கடினம் என்பதைக் கடலோடிகளிடம் விளக்கத் தேவையில்லை. மேலெழுந்த பக்கத்துப் படகு கப்பலின் விலாவிலேயே மோதித் தேய்ந்து தொங்கும். தாழ்ந்த பக்கத்துப் படகு ஆள் எட்ட முடியாதபடி வெளியே ஆடும். எஜிப்டில் எல்லாரையும் ஏற்றப் போதுமான படகுகள் இருந்தன. டைட்டானிக் மூழ்கிப் பத்து ஆண்டு ஆகிவிட்டதே, அந்தப் பாடத்தை எல்லாக் கம்பெனிகளும் படித்திருந்தன. இருந்த படகுகளைப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் இறக்கும் பயிற்சிதான் இல்லை. ஆட்கள் முண்டியடித்தார்கள், படகுகள் கவிழ்ந்தன. கம்பியில்லாத் தந்தி அறையிலிருந்து அபயக் குரல் கடைசிவரை போய்க்கொண்டிருந்தது. இடித்த சேன் பனியில் தடவித் தடவித் திரும்பி வந்து, நீரில் மிதந்தவர்களைப் பொறுக்கி எடுத்து பிரெஸ்த் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அடுத்த சில நாட்களில் ஆங்கிலப் பத்திரிகைகள் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டன. லாஸ்கர்கள் பதறினார்கள், படகுகளைப் பிடுங்கிக்கொண்டார்கள், இந்தியனை நம்பிக் கப்பல் ஓட்டலாமா என்று எழுதினார்கள். பதற்றம் இருந்திருக்கும். சாய்ந்து முழுகும் கப்பலில் எந்தச் சாதி மனிதன் பதறமாட்டான்? லண்டனில் கூடிய விசாரணை மன்றம் சாட்சிகளைக் கேட்டுவிட்டுப் பழியை மேல்தளத்தில் வைத்தது. ஆட்களைப் படகுகளுக்குப் பிரித்து நிறுத்தும் ஒழுங்கும் பயிற்சியும் இல்லாமல் போனதற்குக் கப்பல் தலைவர் கோலியரும் அவருடைய முதன்மை அதிகாரியும் பொறுப்பு என்றது. ஆனாலும் பத்திரிகை சொன்னதுதான் வெகுநாள் நின்றது. பின்னால் வந்த புதையல் புத்தகங்களிலும் பதறிய லாஸ்கர்கள் ஒரு வரியாகத் தவறாமல் வந்துபோகிறார்கள்.

எனக்கு இதில் பொறுக்க முடியாத ஒன்று உண்டு. எஜிப்டைப் பற்றி யார் எழுதியதைப் படித்தாலும் தங்கக் கட்டி 1,089 என்பது மாறுவதில்லை. பவுன் காசு 1,65,979 என்பதில் அந்தக் கடைசி ஒன்பதுகூட மாறுவதில்லை. இறந்தவர் எண்ணிக்கைக்கு வந்தால் ஒருவர் 86 என்பார், இன்னொருவர் 87 என்பார், வேறொருவர் 90ஐத் தாண்டிச் சொல்வார். இறந்தவர்களில் பயணிகள் பதினைந்து பேர் வாக்கில்தான். மற்றவர்கள் எல்லாம் வேலையாட்கள், அவர்களில் பலர் இந்தியர்கள். காசுக்குக் காப்பீட்டுக் கணக்கு இருந்தது. கரி அள்ளியவனுக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் வைக்கவில்லை.

தங்கத்துக்கு லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டாளர்கள் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார்கள். ஆகவே கடலடித் தங்கம் இனி அவர்களுடையது. எடுக்க முடிந்தால்தான். அங்கே ஆழம் ஏறத்தாழ எழுபது பாகம்.

நம் கரையில் கடலாழத்தைப் பாகக் கணக்கில் சொன்னால் எந்த மீனவருக்கும் உடனே புரியும். முத்துப் பார்கள் கிடப்பது பெரும்பாலும் ஏழு முதல் பத்துப் பாகத்துக்குள். வாடைக்காற்று ஓய்ந்து கச்சான் காற்று பலமாகக் கிளம்புவதற்கு முந்திய சில வாரங்கள்தான் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு. நள்ளிரவுக்குப் பிறகு கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், விடிந்ததும் குளிக்கத் தொடங்கி, மதியம் கடற்காற்று எழுந்ததும் திரும்பிவிட வேண்டும். குளியாளி கல் கட்டிய கயிற்றின் வளையத்தில் காலை மாட்டுவார். மூக்கை அடைத்துக்கொள்வார். கல் அவரைத் தரைக்கு இழுத்துப் போகும். இறங்கியதும் கல்லை விட்டுவிட, மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடம், நெஞ்சுரம் உள்ளவருக்கு அதற்கும் சற்றுக் கூடுதல், அதற்குள் எட்டிய சிப்பிகளை வாரி வலைப்பையில் போட்டுக்கொண்டு கயிற்றைச் சுண்ட வேண்டும். மேலே இருப்பவர் அந்தச் சுண்டலை உணர்ந்து, அதே நொடியில் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று கரையில் சொல்வதுண்டு. தன் அக்காள் தங்கை தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளியாளிகளுக்கு. இரண்டு பங்கை சர்க்கார் அன்றன்றே கரையில் ஏலம் போட்டுவிடும். எஜிப்ட் கடலடியில் கிடந்த காலத்தில்தான் 1926, 1927, 1928 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தூத்துக்குடியில் சலாபம் நடந்தது. அதற்கப்புறம் 1955 வரை இல்லை. 1961க்குப் பிறகு இன்றுவரை இல்லை.

பத்துப் பாகத்தில் குளியாளியின் உடம்பை நீர் அழுத்துவது நிலத்துக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. பழக்கப்பட்ட உடம்பு தாங்கும். காதில் ரத்தம் வந்தவர்களும் உண்டு. எழுபது பாகத்தில் அது பதினான்கு மடங்கு. மூச்சடக்கி இறங்குவது பேச்சுக்கே இல்லை. செம்புக் கவசத் தலையும் ரப்பர் உடுப்பும் போட்டு, மேலிருந்து காற்றடித்து அனுப்பும் முறை அப்போது இருந்தது. அதில் போகிறவர் சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்துக்கு ஏற வேண்டும். ஏறினால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், அவசரமாக மேலே வரும்போது குமிழாகி மூட்டுகளையும் மூளையையும் தாக்கும். ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1908இல் படிப்படியாக மேலேறும் அட்டவணை வகுத்துக் கொடுத்தார். அதை வைத்து பிரிட்டிஷ் கடற்படைக் குளியாளிகளே முப்பத்தைந்து பாகம்தான் இறங்கினார்கள். எஜிப்ட் கிடந்தது அதைப் போல இரு மடங்கு ஆழத்தில், அதுவும் அட்லாண்டிக் அலைக்கடியில். முதலில் முயன்றவர்கள் சிலர் கைவிட்டார்கள்.

1929இல் சொரிமா என்ற இத்தாலியக் கம்பெனி ஒப்பந்தம் எடுத்தது. தலைவர் ஜொவான்னி குவாலியா. அவரிடம் ‘ஆர்த்திலியோ’ என்ற ஒரு பழைய மீன்பிடி நீராவிக் கப்பலும், வியாரெஜ்ஜோ ஊர்க் குளியாளிகள் சிலரும் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் அல்பெர்த்தோ ஜானி. ஜெர்மானியர்கள் செய்த இரும்பு உடுப்பு ஒன்று அப்போது கிடைத்தது. மனிதனை அடைத்து வைக்கும் கவசம், மூட்டுகளில் வளையும், கையில் இடுக்கி. ஆழத்தில் நீர் நெருக்கியதும் மூட்டுகள் வளையவில்லை. ஜானி யோசித்தார்: ஆழத்தில் குளியாளியின் கையால் பயனில்லை, கண்தானே வேண்டும்? கைகால்களை எடுத்துவிட்டு, ஓர் எஃகு உருளை, சுற்றிலும் தடித்த கண்ணாடி ஜன்னல்கள், உள்ளே நிற்கும் மனிதனுக்கு நிலத்துக் காற்றழுத்தமே, பேச ஒரு தொலைபேசிக் கம்பி, இவ்வளவையும் ஒரு இரும்பு வடத்தில் தொங்கவிட்டார். உள்ளே இருப்பவர் பார்த்துச் சொல்வார்: இடப்பக்கம் ஒரு முழம், இறக்கு, நிறுத்து, கவ்வு. மேலே இருப்பவர் பொறியை இயக்கி இரும்புக் கொக்கிவாயை அந்த இடத்தில் இறக்குவார். கயிற்றைச் சுண்டி மச்சானுக்குச் செய்தி சொன்ன நம் குளியாளியின் முறைதான் இது. ஒரே ஒரு வேறுபாடு, நம் ஆளுக்கு மூச்சு ஒரு நிமிடம், இத்தாலியனுக்கு மணிக்கணக்கு. அந்த ஒரு வேறுபாடுதான் எழுபது பாகத்தைத் திறந்தது.

ஆனால் முதலில் கப்பல் எங்கே? மூழ்கிய கப்பலிலிருந்து சொன்ன இடம் ஒன்று, இடித்தவர்கள் குறித்த இடம் ஒன்று, கரையிலிருந்த கம்பியில்லாத் தந்தி நிலையங்கள் திசை பிடித்துச் சொன்ன இடம் வேறு. பனியில் யாருக்கும் துல்லியம் இல்லை. இரண்டு கப்பல்கள் நடுவே ஒரு நீள இரும்பு வடத்தைத் தரையோடு இழுத்துக்கொண்டு, மிதவைகளால் பங்கு பிரித்த கடலைப் பாத்தி பாத்தியாக உழுதார்கள். வடம் தட்டும்; பாறையாக இருக்கும். மறுபடி தட்டும், வேறு கப்பலாக இருக்கும். கோல் பிடித்து நிலத்தடி நீரையும் உலோகத்தையும் காணும் துறவி ஒருவரைக்கூட வரவழைத்துக் கப்பலில் நிறுத்தினார்கள். இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. நான் சிரிக்கமாட்டேன். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டிகளுக்கு முத்துக்குளிப்பில் சர்க்காரே கூலி கொடுத்த கரை நம்முடையது. அவர்கள் மந்திரம் ஓதாமல் குளியாளி நீரில் இறங்கமாட்டார் என்று வெள்ளைக்கார அதிகாரிக்கும் தெரியும். கண் எட்டாத இடத்துக்கு மனிதனை அனுப்பும் தொழிலில் தைரியத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கித்தான் ஆகவேண்டும்.

1930 ஆகஸ்ட் 30 அன்று உருளைக்குள் இறங்கிய குளியாளி எஜிப்டைக் கண்டார். எட்டு ஆண்டாக நிமிர்ந்தே நின்றிருந்தது. கப்பல் தலைவரின் அறையிலிருந்த இரும்புப் பெட்டியைக் கவ்வி மேலே கொண்டுவந்தார்கள், ஐயம் தீர்ந்தது. அதற்குள் குளிர்காலம் வந்துவிட்டது. அட்லாண்டிக்கில் அந்தப் பருவத்தில் கப்பலைக் கட்டி நிறுத்த முடியாது.

சும்மா இருக்க வேண்டாம் என்று கரைக்கு அருகே வேறொரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். ‘ஃப்ளாரன்ஸ் எச்’ என்ற அமெரிக்க வெடிமருந்துக் கப்பல் 1918இல் கிப்ரோன் வளைகுடாவில் வெடித்து மூழ்கிக் கிடந்தது. வழிக்கு இடைஞ்சலாக இருந்த அதன் மிச்சத்தைத் தகர்க்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு நீரில் ஊறிய வெடிமருந்து செத்துப்போயிருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். முதலில் வெகு தூரம் விலகி நின்று வெடிவைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் தூரம் குறைந்துகொண்டே வந்தது. 1930 டிசம்பர் 7 அன்று வைத்த வெடிக்கு அடியில் கிடந்த மருந்து முழுவதும் விழித்துக்கொண்டது. ஆர்த்திலியோ நீர்த்தூணுக்குள் நொறுங்கிப் போயிற்று. ஜானி, பிரான்செஸ்கி, பார்ஜெல்லினி என்ற மூன்று முதன்மைக் குளியாளிகளும் அவர்களோடு ஒன்பது பேரும் மாண்டார்கள். எஜிப்டைக் கண்ட கண்கள் எஜிப்டின் தங்கத்தைக் காணவில்லை. இவர்களுடைய பெயர்கள் வியாரெஜ்ஜோவில் இன்றும் போற்றப்படுகின்றன, அது நியாயம். எஜிப்டின் கொதிகலன் அறையில் நின்றவர்களுக்கும் எங்கேனும் ஒரு கல் இருந்திருக்கலாம் என்றே மனம் கேட்கிறது.

குவாலியா விடவில்லை. இன்னொரு கப்பலை வாங்கி அதற்கும் ஆர்த்திலியோ என்றே பெயர் வைத்து, 1931இல் மீண்டும் வந்தார். இரும்பறை பல தளங்களுக்குக் கீழே இருந்தது. ஒவ்வொரு தளமாக வெடிவைத்து, கிழிந்த தகட்டைக் கொக்கியால் உரித்து எடுத்து, அடுத்த தளத்துக்கு இறங்க வேண்டும். கோடையில் கடல் அடங்கும் சில நாட்கள்தான் வேலை. கப்பலைச் சுற்றிலும் மிதவைகளில் கட்டி அசையாமல் நிறுத்துவார்கள். காற்று மாறினால் எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு பிரெஸ்த்துக்கு ஓட வேண்டும். அந்தப் பருவமும் தங்கம் காணாமலே போயிற்று. 1932 ஜூன் 22 அன்று கொக்கிவாய் மேல்தளத்தில் கொட்டிய குப்பையில் இரண்டு பவுன் காசுகள் உருண்டன. பின்னால் கட்டிகள் வந்தன. டைம்ஸ் பத்திரிகையின் நிருபர் டேவிட் ஸ்காட் கப்பலிலேயே தங்கியிருந்து எழுதினார், உலகமே படித்தது. தங்கம் பிளிமத் துறைமுகத்தில் இறங்கியது. 1935 வரை வேலை தொடர்ந்தது. நூற்றில் 95 பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

பம்பாய்க்கு வரவேண்டிய தங்கம் இங்கிலாந்துக்கே திரும்பிய அந்த 1932இல் பம்பாய்த் துறைமுகத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது?

தங்கம் ஏறிக்கொண்டிருந்தது. லண்டனுக்கு.

1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் பவுண்டைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த முறையைக் கைவிட்டது. பவுண்டின் மதிப்பு சரிந்தது. ரூபாயை பவுண்டோடு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று முடிந்து வைத்திருந்ததால் ரூபாயும் சேர்ந்து சரிந்தது. தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. அதே நேரம் உலகமெங்கும் பெருமந்தம். நெல் விலை பாதியாகியிருந்தது, பருத்தி விலை படுத்துவிட்டது. தீர்வை மட்டும் குறையவில்லை, வட்டியும் குறையவில்லை. குடியானவர் வீட்டில் விற்க மிஞ்சியிருந்தது நகை ஒன்றுதான். திருநெல்வேலிச் சீமையில் கரிசல் காட்டுப் பெண்ணின் காதில் தோள்வரை தொங்கிய பாம்படம் அலங்காரம் மட்டுமல்ல. அவளுடைய சேமிப்பு, அவள் பெயரில் இருந்த ஒரே சொத்து. தலைமுறை தலைமுறையாகக் குருவி சேர்ப்பது போலச் சேர்த்தது. இந்தியா முழுவதும் அப்படிப்பட்ட நகைகள் ஆசாரியின் உலைக்குப் போய்க் கட்டியாகி, பம்பாய்க்குப் போய், கப்பலேறின. 1931-32 நிதியாண்டில் மட்டும் ஏறத்தாழ 58 கோடி ரூபாய்த் தங்கம் வெளியேறியது. அடுத்த ஆண்டு அதைவிடக் கூடுதல். எஜிப்டில் வந்த சரக்கு ரூபாயில் ஒன்றரைக் கோடி பெறுமா? அப்படியானால் ஒரே ஆண்டில் நாற்பது எஜிப்ட்கள் நம் நாட்டைவிட்டுப் போயின. ஒன்றுகூட மோதவில்லை, ஒன்றுகூட மூழ்கவில்லை. அதனால் அதைப் பற்றிப் புதையல் புத்தகம் எதுவும் இல்லை.

பொருளாதார அறிஞர்கள் அதற்கு ‘இக்கட்டுத் தங்கம்’ என்று பெயர் வைத்து விவாதித்தார்கள். நல்ல விலைக்கு விற்றார்கள், லாபம்தானே என்றது அன்றைய அரசு. நெல்லை விற்று வட்டி கட்ட முடியாமல் காதை விற்றவளிடம் போய் லாபம் என்று சொல்ல முடியுமா? கணக்குப் பார்த்தால் அது லாபம்தான். நான் இதில் அந்தப் பெண்ணின் பக்கம்.

எஜிப்டின் இரும்பறையிலிருந்து தங்கத்துக்கு முன்பே இன்னொன்று மேலே வந்திருந்தது. கொக்கிவாய் அள்ளிய சேற்றில் காகிதக் கட்டுகள். விரித்துப் பார்த்தால் உருதுவும் ஆங்கிலமும் தெலுங்கும் அச்சிட்ட ரூபாய் நோட்டுகள். ஐதராபாத் நிஜாம் அரசுக்காக லண்டனில் அச்சடித்து அனுப்பியவை. பத்து ஆண்டு உப்புநீரில் கிடந்தும் எழுத்து அழியவில்லை. சரியான அறையைத் தொட்டுவிட்டோம் என்று மாலுமிகளுக்கு அடையாளம் காட்டியவை அந்த நோட்டுகள்தான். காயவைத்து, நினைவுப் பொருளாக ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். ஐதராபாதில் அவை ஒரு நாளும் செல்லுபடியாகவில்லை. 1948இல் ஐதராபாத் சமஸ்தானமே இந்தியாவில் சேர்ந்தது. பழுப்பேறி, ஓரத்தில் துருக்கறையோடு, ‘எஜிப்ட் கப்பலில் மீட்கப்பட்டது’ என்ற குறிப்புடன் அந்த ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நோட்டுகள் நாணயம் சேர்ப்பவர்களின் ஏலங்களில் இப்போதும் விலைக்கு வருகின்றன.